தாங்கிக்கொள்பவர்களுக்கு ஓர் அறை: சிகாகோ தெற்குப் பகுதியில் ஒரு பெண்கள் மது மீட்புக் குழு

சமூகப் பணி பயிலும் மாணவர்களுக்காக எழுதிய நிகழ்வு ஆய்வு இது. இதில் வரும் பெண்ணும் அவர் சேர்ந்த குழுவும் பாடத்துக்காக அமைத்துக்கொண்ட மாதிரிகள். எந்தத் தனிமனிதரின் வாழ்க்கையும் இங்கே எடுத்தாளப்படவில்லை. அவர்களைச் சூழ்ந்து நிற்கும் வரலாறு, சட்டம், கேள்வித்தாள், மருந்து ஆகியவை உண்மையானவை. குடியிலிருந்து மீளும் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்களுக்கெனத் தனிக் குழு எதற்கு, எல்லாருக்கும் பொதுவான குழு போதாதா என்ற கேள்வி வகுப்பில் தவறாமல் எழும். பலருக்குப் போதாது என்பதே என் கருத்து. ஏன் என்பதை ஒரு பெண்ணின் வழியாகவே பார்த்துவிடலாம்.

வந்தவர்

வயது 46. சிகாகோவின் தெற்குப் பகுதியில், சேட்டம் வட்டாரத்தில், தாய் விட்டுச்சென்ற செங்கல் வீட்டில் வசிக்கிறார். தெற்கு மாநிலங்களின் நிறவெறிக் கொடுமைக்குத் தப்பி வடக்கே குடிபெயர்ந்த லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்களில் இவருடைய தாத்தா பாட்டியின் குடும்பமும் ஒன்று, மிசிசிப்பியிலிருந்து வந்தவர்கள். இவருக்கு முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியர் உதவியாளராக இரவுப் பணி. மகள் வேறு மாநிலத்தில் இருக்கிறார். ஏழு வயதுப் பேத்தி இவரிடம் வளர்கிறாள். ஞாயிறு தவறாமல் பாப்டிஸ்ட் தேவாலயம், அங்கே பாடகர் குழுவில் நிரந்தர இடம்.

தாய்க்கு மறதி நோய் வந்தபோது கடைசி மூன்று ஆண்டுகளும் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். பகலில் தாய், இரவில் இல்லத்து முதியவர்கள். தூக்கம் போயிற்று. காலை ஏழரைக்கு வீடு திரும்பி, பேத்தியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, திரைச்சீலையை இழுத்து மூடி, காப்பிக் கோப்பையில் வோட்கா ஊற்றிக் குடித்துவிட்டுப் படுப்பது வழக்கமாயிற்று. காப்பிக் கோப்பைக்குக் காரணம் உண்டு. தேவாலயத்துச் சகோதரிகள் யாராவது சொல்லாமல் வந்து கதவைத் தட்டினால் கையில் கண்ணாடிக் கிளாஸ் இருக்கக் கூடாது. தாய் இறந்த பிறகு அளவு ஏறிக்கொண்டே போனது.

ரத்த அழுத்தத்துக்கு மருந்து வாங்கும் கிளினிக்கில் கல்லீரல் நொதிகள் கூடியிருப்பதைக் கண்டு மருத்துவர் கேட்டபோது, "விசேஷ நாள்களில் கொஞ்சம் ஒயின்" என்று சொல்லிவிட்டார். ஒருநாள் பேத்தி ஆசிரியையிடம், "பாட்டியை எழுப்பினேன், எழுந்திருக்கவே இல்லை" என்றாள். பள்ளியிலிருந்து தொலைபேசி வந்தது. அதற்கு மறுநாள் இவர் தாமாகவே கிளினிக்குக்கு வந்து உண்மையைச் சொன்னார்.

மதிப்பீடு

ஆபத்தான குடிப்பழக்கத்தைக் கண்டறியும் டி-ஏஸ் என்ற நான்கு கேள்விகள் கொண்ட தாள் இவருக்குப் பயன்பட்டது. ராபர்ட் சோகோலும் அவருடன் பணியாற்றியவர்களும் டெட்ராய்ட் நகரின் கர்ப்பகாலக் கிளினிக்கில், பெரும்பாலும் கறுப்பினப் பெண்களிடம் சோதித்துப் பார்த்து 1989இல் வெளியிட்டது அது. "எவ்வளவு குடிக்கிறீர்கள்?" என்று நேரடியாகக் கேட்டால் யாரும் குறைத்தே சொல்வார்கள் என்பதால், "போதை ஏற எத்தனை கிளாஸ் வேண்டியிருக்கிறது?" என்று அது கேட்கிறது. இரண்டுக்கு மேல் என்றால் உடல் மதுவுக்குப் பழகிவிட்டது என்று பொருள். இவர் யோசிக்காமல் "ஐந்து" என்றார். குடித்த அளவை மறைத்த அதே வாய் இதைச் சட்டென்று சொன்னது.

நான்காவது கேள்வி, காலையில் எழுந்தவுடன் உடம்பை நிதானப்படுத்திக்கொள்ளக் குடிப்பதுண்டா என்பது. இங்கேதான் தாளை நிரப்புகிறவருக்குப் பொறுமை வேண்டும். இரவுப் பணி செய்பவருக்குக் காலை எட்டு மணிதான் வேலை முடிந்து ஓயும் நேரம். "காலையில் குடிக்கிறார்" என்று குறித்துக்கொண்டு போயிருந்தால் கேள்வியின் நோக்கமே தவறியிருக்கும். இரவுப் பணிதானே என்று விட்டிருந்தாலும் அதே பிழைதான். "மாலையில் தூங்கி எழுந்ததும் எப்படி இருக்கிறது?" என்று மாற்றிக் கேட்டபோது அவர் தம் கைகளைப் பார்த்தார். எழுந்ததும் நடுங்குகின்றன, பணிக்குக் கிளம்புமுன் ஒரு மடக்கு உள்ளே போனால்தான் நிற்கின்றன என்றார்.

சிகிச்சையின் வரிசையை அந்த ஒரு பதில் மாற்றிவிட்டது. நாள்தோறும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். அதைத் தொடர்ந்து மனக்குழப்பம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மன உறுதி இருந்தால் நிறுத்திவிடலாம் என்று வீட்டில் தனியாக முயன்று உயிரிழந்தவர்கள் உண்டு. அதனால் முதலில் மருத்துவக் கண்காணிப்பில் குடி நிறுத்தப்பட்டது, தயமின் என்ற வைட்டமின் கொடுக்கப்பட்டது. நடுக்கம் அடங்கிய பிறகே அவர் குழுவுக்கு வந்தார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு குடிநோய்க்குக் கூறும் 11 அறிகுறிகளில் ஏழு அவருக்குப் பொருந்தின. ஆறு இருந்தாலே கடுமையான நிலை.

ஏன் இத்தனை காலம் சொல்லவில்லை

அமெரிக்காவில் மதுவைத் தொடாதவர்களின் விகிதம் வெள்ளையினப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்களிடையே அதிகம். தேவாலயத்துக்கு இதில் பெரும் பங்கு உண்டு. கேட்க நல்ல செய்தி. ஆனால் குடிக்கும் பெண்ணுக்கு இதுவே தனிமையாகிவிடுகிறது. சுற்றிலும் யாரும் குடிக்காத இடத்தில் ஒருத்தி குடித்தால் அவள் ஒளிந்துதான் குடிக்க வேண்டும். பாதிப்பு என்று வரும்போதோ, அதே அளவு குடிக்கும் வெள்ளையினப் பெண்ணைவிட இவருக்கு உடல்நலக் கேடும் சட்டச் சிக்கலும் கூடுதலாக வந்து சேர்கின்றன.

சட்டத்தின் மீதான அச்சம் கற்பனையன்று. புளோரிடாவின் பினெல்லாஸ் மாவட்டத்தில் 715 கர்ப்பிணிகளின் சிறுநீர் மாதிரிகளைச் சோதித்து 1990இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. மது அல்லது போதைப்பொருளின் தடயம் வெள்ளையினப் பெண்களில் 15.4 சதவீதத்தினரிடமும் கறுப்பினப் பெண்களில் 14.1 சதவீதத்தினரிடமும் காணப்பட்டது. ஏறக்குறைய சமம். ஆனால் அரசு அதிகாரிகளிடம் புகார் செய்யப்பட்டதில் கறுப்பினப் பெண்கள் ஏறத்தாழப் பத்து மடங்கு. இந்த எண்களை வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் எழுதிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நிற்பேன். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் 1989 முதல் மருத்துவமனையே கர்ப்பிணிகளைச் சோதித்துக் காவல்துறையிடம் ஒப்படைத்தது. கைதான 30 பேரில் 29 பேர் கறுப்பினத்தவர். ஒப்புதல் பெறாத அந்தச் சோதனை அரசமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. அதற்குள் எத்தனையோ தாய்மார்கள் மருத்துவரிடம் வாய் திறக்கக் கூடாது என்ற பாடத்தைப் படித்துவிட்டார்கள்.

இதற்கு மேல் 1997ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று. கடைசி 22 மாதங்களில் 15 மாதங்கள் குழந்தை அரசுப் பராமரிப்பில் இருந்தால், சில விதிவிலக்குகள் நீங்கலாக, பெற்றோர் உரிமையை நீக்க மாநிலம் மனுச் செய்ய வேண்டும். குடிநோயிலிருந்து மீள்வதோ சறுக்கி, எழுந்து, மீண்டும் சறுக்கிப் போகும் பாதை. இரண்டின் வேகமும் ஒத்துப்போவதில்லை. இந்தப் பெண் பேத்தியின் பெற்றோர் அல்லர், முறையான பாதுகாவலர்கூட அல்லர்; அதனால் இவருடைய பிடி இன்னும் தளர்வானது. கிளினிக்கில் ஒயின் என்று சொன்னதை நோயின் மறுப்பு மனநிலை என்று மட்டும் எழுதிவைத்தால் பாதி உண்மையைத்தான் எழுதுகிறோம்.

வரலாறும் துணை நிற்கவில்லை. அடிமைத்தளையிலிருந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் எசமானர்களே அடிமைகளைக் குடிக்கவைத்து, சுதந்திரம் என்றாலே அருவருப்பு வரும்படி செய்ததைப் பதிவுசெய்திருக்கிறார். கவிஞர் ஃபிரான்சஸ் ஹார்ப்பர் 1880களில் பெண்கள் மதுவிலக்குச் சங்கத்தில் கறுப்பின மக்களுக்கான பிரிவுக்குத் தலைமையேற்றுப் பாடுபட்டார். அதே சங்கத்தின் தலைவி ஃபிரான்சஸ் வில்லார்ட் 1890இல் அளித்த பேட்டியில், சாராயக் கடையையும் கறுப்பின மக்களையும் சேர்த்து இழிவாகப் பேசினார். அதைப் பின்னர் பிரிட்டன் வரை கொண்டுபோய் அம்பலப்படுத்தியவர் கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ். குடியை ஒழிக்க வந்தவர்களே கறுப்பினத்தவரைக் குடிகாரர்களாகச் சித்திரித்த பிறகு, எந்தக் கறுப்பினப் பெண் முன்வந்து "நான் குடிக்கிறேன்" என்பார்?

குழு

எட்டுப் பெண்கள். சனிக்கிழமை காலை பதினோரு மணி. தேவாலயத்தின் அடித்தள அறை, மடக்கு நாற்காலிகள். இந்தப் பெண்ணின் தேவாலயம் அன்று. அதைத் திட்டமிட்டே தேர்ந்தெடுத்தார்கள். பக்கத்து அறையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர், வந்துபோகப் பஸ் கட்டணம், மேசையில் சூடான சாப்பாடு. திட்ட அறிக்கைகளில் இவை "கூடுதல் வசதிகள்" என்ற தலைப்பில் கடைசிப் பக்கத்தில் கிடக்கும். நிதி குறைந்தால் முதலில் வெட்டப்படுவதும் இவைதாம். குழந்தையை விட்டுவர ஆளில்லாத பெண்ணுக்கு அந்தப் பக்கத்து அறைதான் சிகிச்சையின் கதவு.

குழுவை நடத்தியவர்கள் இருவர். ஒருவர் உரிமம் பெற்ற சமூகப் பணியாளர். மற்றவர், தாமே குடியிலிருந்து மீண்டு பல ஆண்டுகளாகத் தெளிவோடு வாழும் பெண். இருவரும் கறுப்பினத்தவர். முதல் நாளே சமூகப் பணியாளர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார்: "போதைச் சிகிச்சை பற்றிய குறிப்புகளைக் கூட்டாட்சிச் சட்டம் காக்கிறது. ஆனால் ஒரு குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் நான் தெரிவித்தே ஆக வேண்டும். எதைச் சொல்கிறீர்கள் என்பதை அதை நினைவில் வைத்துக்கொண்டு நீங்களே முடிவுசெய்யுங்கள்." நம்பிக்கை குலைந்துவிடும் என்று பலர் இதை மெல்ல விழுங்கிச் சொல்வார்கள். இங்கே அது நம்பிக்கையின் முதல் படியாக அமைந்தது. இத்தனை வெளிப்படையாக எந்த அலுவலகமும் தங்களிடம் பேசியதில்லை என்று இரண்டு பெண்கள் பின்னால் சொன்னார்கள்.

விளிக்கும் முறையிலும் ஒரு முடிவு எடுத்தார்கள். 1935இல் ஓஹியோ மாநிலத்தின் ஆக்ரனில் பிறந்த, குடியிலிருந்து மீள்வோரின் சுய உதவி அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் கூட்டங்களில் முதற்பெயரை மட்டும் சொல்லிக்கொள்வது மரபு. அடையாளத்தைக் காப்பதற்காக வந்தது. ஆனால் எட்டுப் பேரில் மூத்தவரான 71 வயதுப் பெண்மணி அலபாமாவில் வளர்ந்தவர். வெள்ளையர் கறுப்பினப் பெண்களை வயது பார்க்காமல் முதற்பெயரால் மட்டுமே அழைத்த காலத்தை அனுபவித்தவர். அலபாமா நீதிமன்றத்தில் தன்னை "மேரி" என்று விளித்த அரசு வழக்கறிஞருக்கு, "மிஸ் ஹாமில்டன்" என்று அழைக்கும்வரை பதில் சொல்ல மறுத்ததற்காக சம உரிமைப் போராளி மேரி ஹாமில்டன் சிறைக்குப் போனார். உச்ச நீதிமன்றம் 1964இல் அந்தத் தண்டனையை ரத்துசெய்தது. அதனால் குழுவில் மூத்தவர்களின் முதற்பெயருக்கு முன் "மிஸ்" சேர்த்து அழைத்தார்கள். அடையாளமும் காக்கப்பட்டது, மரியாதையும் நின்றது.

இப்படி வட்டமாக உட்கார்ந்து பேசுவதற்குக் கறுப்பினப் பெண்களிடையே முன்னோடிகள் உண்டு. உடல்நலச் செயற்பாட்டாளர் பில்லி ஏவரி 1983இல் அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரியில் கூட்டிய கறுப்பினப் பெண்கள் உடல்நல மாநாட்டுக்கு ஏறத்தாழ 2,000 பேர் வந்தார்கள். அங்கிருந்து நாடெங்கும் சுய உதவிக் குழுக்கள் கிளைத்தன. ரத்த அழுத்தத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தவர்கள் வன்முறையையும் துயரத்தையும் பேசத் தொடங்கினார்கள். நம் குழுவின் தாய்வழி அதுதான்.

"என்னால் முடியாது"

நான்காம் வாரம் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அன்று ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் மீள்வதற்கு வகுத்த பன்னிரண்டு படிகளின் முதல் படியைப் பற்றிப் பேச்சு வந்தது. மதுவின் முன் நாங்கள் சக்தியற்றவர்கள் என்று ஒப்புக்கொள்வது அது. தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரிக்கும் வேலை செய்யும் பெண் ஒருவர் கொதித்துப்போனார். "என் கொள்ளுப்பாட்டியிடம் எந்தச் சக்தியும் இருக்கவில்லை. என் அம்மாவுக்கு வாக்குரிமையே பின்னால்தான் வந்தது. மறுபடியும் நானே எழுந்து நின்று எனக்குச் சக்தி இல்லை என்று சொல்ல வேண்டுமா? மாட்டேன்." அறையில் பலர் தலையசைத்தார்கள்.

இந்த மறுப்பு புதிதன்று. சமூகவியலாளர் ஜீன் கிர்க்பாட்ரிக் 1975இல் பெண்களுக்கென வேறோர் அமைப்பைத் தொடங்கி, பன்னிரண்டு படிகளுக்குப் பதிலாகப் பதின்மூன்று உறுதிமொழிகளை வகுத்ததும் இதையொட்டித்தான்: ஏற்கெனவே குனிந்த பெண்ணை மேலும் குனியச் சொல்லக் கூடாது. கறுப்பினப் பெண்ணியர்களும் இதைப் பலமுறை எழுதியிருக்கிறார்கள்.

அப்போது 71 வயதுப் பெண்மணி வாய் திறந்தார். "மகளே, நீ சொல்வது புரிகிறது. நான் இருபது வருடமாக அந்தக் கூட்டங்களுக்குப் போகிறேன். எனக்கு அந்த வரி எப்படி இருந்தது தெரியுமா? அதுவரை என்னால் முடியாது என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. புருஷன் போனபோது சொல்லவில்லை. மகனைப் புதைத்தபோது சொல்லவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்து எவ்வளவு பலசாலி என்றார்கள். அந்தக் கூட்டத்தில்தான் முதல்முறையாக, இது என்னால் முடியாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை."

நம் பெண் அதுவரை நான்கு வாரமாக மேசையைத் துடைப்பதும் மற்றவர்களுக்குச் சாப்பாடு எடுத்துவைப்பதுமாக இருந்தவர். அன்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதார். தாயின் கடைசி நாள்களில், "அம்மா, சீக்கிரம் போய்விடு" என்று மனத்துக்குள் வேண்டிக்கொண்டதை யாரிடமும் சொன்னதில்லை என்றார். அப்படி வேண்டிக்கொண்டதற்கு மறுநாள் காலைதான் வோட்கா அளவு இரட்டிப்பானதாம்.

செரில் வுட்ஸ்-ஜிஸ்கோம்பே 2010இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் காட்சிக்கு வெளிச்சம் தருகிறது. 48 ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்களோடு குழு உரையாடல்கள் நடத்தி, "சூப்பர்வுமன்" என்ற வார்ப்பின் ஐந்து கூறுகளை அவர் இனங்கண்டார்: பலத்தைக் காட்டியே ஆக வேண்டும், உணர்ச்சியை அடக்க வேண்டும், யாரையும் சார்ந்திருக்கக் கூடாது, வசதி இல்லாவிட்டாலும் வென்றாக வேண்டும், பிறருக்கு உதவியாக வேண்டும். அடிமைமுறையிலும் அதன் பின்னரும் குடும்பங்களைக் காப்பாற்றிய குணங்கள் இவை, ஏளனத்துக்குரியவை அல்ல. ஆனால் இந்த ஐந்தையும் சுமப்பவருக்கு உதவி கேட்கும் இடம் எங்கே இருக்கிறது? யாரும் பார்க்காத காப்பிக் கோப்பைதான் மிஞ்சுகிறது.

என் கணிப்பு இது. தபால் நிலையப் பெண்ணின் கோபமும் மூத்தவரின் நிம்மதியும் ஒன்றையொன்று ரத்துசெய்வதில்லை. பிறர் பறித்த சக்தியைப் பற்றி ஒருவர் பேசுகிறார். பிறர் சுமத்திய பலத்தைப் பற்றி மற்றவர் பேசுகிறார். இரண்டையும் ஒரே அறையில், விளக்கம் கொடுக்கத் தேவையில்லாமல் பேச முடிந்ததே இந்தத் தனிக் குழுவின் பயன். பொதுக் குழுவில் தபால் நிலையப் பெண் முதல் கூட்டத்தோடு நின்றிருப்பார். நிறத்தைப் பற்றிப் பேசுவது சாக்குச் சொல்வது என்று யாராவது திருத்தியிருப்பார்கள். அதற்காக ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கறுப்பினத்தவருக்குப் பொருந்தாது என்று நான் சொல்லவில்லை. 1945இலேயே வாஷிங்டனில் ஒரு கறுப்பின மருத்துவர் தம் மக்களுக்காக அதன் கிளைக் குழுவைத் தொடங்கினார். நம் குழுவிலும் மூவர் வார நாள்களில் அந்தக் கூட்டங்களுக்குப் போய்வந்தார்கள்.

தெருவில் உள்ள கடை

ஏழாம் வாரம் பேச்சு மதுக்கடைகளைப் பற்றித் திரும்பியது. பஸ் நிறுத்தத்திலிருந்து வீடுவரை எத்தனை கடைகள் என்று ஒவ்வொருவரும் எண்ணிச் சொன்னார்கள். தெற்குப் பகுதிக்கு இந்தப் போராட்டம் பழையது. செயின்ட் சபைனா தேவாலயத்தின் பாதிரியார் மைக்கேல் ஃப்ளேகர் 1990 வாக்கில் மது, சிகரெட் விளம்பரப் பலகைகளைச் சாயம் பூசி அழித்து வழக்குக்கு உள்ளானார். நடுவர் குழு அவரை விடுவித்தது. 1991இல் கறுப்பின நுகர்வோரைக் குறிவைத்து வந்த பவர்மாஸ்டர் என்ற வீரியம் கூடிய பீர், எதிர்ப்பு எழுந்ததும் பின்வாங்கியது. இல்லினாய் சட்டப்படி ஒரு வாக்குச்சாவடி வட்டாரத்து மக்களே வாக்களித்துத் தங்கள் தெருக்களில் மது விற்பனையைத் தடைசெய்ய முடியும். குழுவில் நால்வர் கையெழுத்து வாங்கும் வேலையில் இறங்கினார்கள்.

குழுவை நடத்திய இருவருக்கும் இதில் கருத்து வேறுபாடு இருந்தது. மீண்டு வந்த பெண், "கடையைப் பற்றிப் பேசும் நாளில் தன் குடியைப் பற்றி யாரும் பேசுவதில்லை" என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கை நியாயமானது. அதன் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் ஒரு மணி நேரம் அவரவர் வாரத்துக்கு, மீதி நேரம் தெருவுக்கு என்று வகுத்துக்கொண்டார்கள்.

சறுக்கல்

ஒன்பதாம் வாரம் தாயின் நினைவு நாள் வந்தது. நம் பெண் அந்தச் சனிக்கிழமை வரவில்லை. மூன்று நாள் குடித்திருந்தார். நான்காம் நாள் தபால் நிலையப் பெண்ணைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் அறிவுரை எதுவும் சொல்லாமல், வேலை முடிந்து நேராக வந்து, பேத்திக்குச் சாப்பாடு கொடுத்துத் தலை பின்னிவிட்டு, இவரைக் கிளினிக்குக்கு அழைத்துப்போனார். அங்கேதான் நால்ட்ரெக்சோன் என்ற மருந்தைப் பற்றி முதல்முறையாகப் பேச்சு எழுந்தது. குடிக்கும் வேட்கையைத் தணிக்கும் அந்த மருந்தை அமெரிக்க அரசு 1994இலேயே குடிநோய்க்கு அனுமதித்துவிட்டது. அதை ஒன்பது வாரமாக யாரும் எடுத்துச் சொல்லாதது சிகிச்சைத் திட்டத்தின் குறை. கல்லீரல் சோதனைகளைப் பார்த்துவிட்டு மருத்துவர் தொடங்கினார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வந்தபோது, நாள் கணக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டுமா என்று கேட்டார். மூத்த பெண்மணி, "குடிக்காத நாளெல்லாம் உன்னுடையதுதான், யாரும் பிடுங்க முடியாது" என்று சொல்லிப் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டார்.

பதினாறு வாரம் முடிந்தபோது

எட்டுப் பேரில் ஐவர் கடைசிவரை வந்தார்கள். ஒருவர் மூன்றாம் வாரத்தோடு நின்றார். கணவரின் மிரட்டல் காரணம் என்று பின்னர் தெரிந்தது. குடும்ப வன்முறையைப் பற்றித் தொடக்கத்திலேயே தனியாகக் கேட்டிருந்தால் வேறு ஏற்பாடு செய்திருக்கலாம். இன்னொருவர் ஊர் மாறிப் போனார். மற்றொருவர் பொதுக் கூட்டங்களே தமக்குப் பிடித்திருக்கிறது என்று விலகினார்.

நம் பெண் சறுக்கலுக்குப் பின் குடிக்கவில்லை. ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்தது. பகல் பணிக்கு மாற்றம் கேட்டு, கூலியில் சிறு இழப்போடு பெற்றுக்கொண்டார். இலவசச் சட்ட உதவி மையத்தின் மூலம் பேத்தியின் பாதுகாவலர் உரிமைக்கு மனுச் செய்திருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை. தேவாலயத்தில் யாரிடமும் தம் குடியைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று குழு வற்புறுத்தவும் இல்லை.

அடுத்த குழுவுக்கு மூன்று மாற்றங்கள் முடிவாகியிருக்கின்றன. இரவுப் பணி செய்பவர்களுக்கெனப் பிற்பகல் நான்கு மணிக்கு இரண்டாவது கூட்டம். முதல் சந்திப்பிலேயே மருந்துகளைப் பற்றிய பேச்சு. குழந்தைப் பராமரிப்பு உரிமை தொடர்பான கேள்விகளுக்கு மாதம் ஒருமுறை ஒரு வழக்கறிஞர். மூன்றாவதற்கு மட்டும் இன்னும் நிதி கிடைக்கவில்லை.